புது டிரெய்லர் நீண்ட நாள் உழைக்க: கடலூர், புதுச்சேரி உரிமையாளர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் பட்டறை கடலூர் முதுநகர்ப் பக்கம் இருக்கிறது. சிப்காட்டுக்கு வரும் வண்டிகள், நெய்வேலி லோடு வண்டிகள், புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் அடிப்பக்க வேலை பார்க்கிறோம். புது டிரெய்லர் எடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மூன்று ஆக்சில், ஸ்பிரிங் பட்டை போட்ட டிரெய்லரை மனதில் வைத்து எழுதியது இது.

டிரெய்லருக்கு எஞ்சினே கிடையாது. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

எஞ்சின் இல்லாததால்தான் அதை யாரும் பார்ப்பதில்லை. முன்னால் இழுக்கும் எஞ்சின் வண்டியான ஹார்ஸில் கோளாறு வந்தால் சத்தம் கேட்கும், புகை வரும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். டிரெய்லரில், ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் ஒன்று தளர்ந்தால் எதுவும் கேட்காது. டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் அந்த போல்ட்டுக்கும் பத்து மீட்டருக்கு மேல் தூரம். இறங்கி, பின்னால் நடந்து, குனிந்து பார்க்கிற ஆளுக்கு மட்டும்தான் அது தெரியும். இந்த மாதம் ஒரு ஹார்ஸ் இழுக்கிறது, அடுத்த மாதம் வேறு ஹார்ஸ். டிரைவரும் மாறிவிடுகிறார். அதனால் டிரெய்லரைத் தன் வண்டி என்று நினைக்கிற ஆள் ஒருவரும் இல்லாமல் போகிறார்கள். முதலில் அந்தப் பொறுப்பை ஒருவர் பெயரில் கொடுங்கள்.

வண்டி புதுசு. முதல் மூணு மாசம் ஒண்ணும் பார்க்க வேண்டாம்தானே?

அந்த மூன்று மாதம்தான் அதிகம் பார்க்க வேண்டிய காலம். புது டிரெய்லரில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் பெயிண்ட் இருக்கிறது. லோடு ஏறி, பட்டைகள் அழுந்தி உட்கார உட்கார அந்த பெயிண்ட் நசுங்கித் தேய்ந்துபோகும். அந்த அளவுக்கு போல்ட் தளரும். தயாரித்தவர்கள் சரியாக முடுக்கித்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் தளரும்.

வீல் நட்டை, சக்கரம் மாட்டிய பிறகு 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி முடுக்க வேண்டும். பிறகு எப்போது சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும் இதே கணக்குதான். சென்னையில் டிரெய்லரை எடுத்துக்கொண்டு கடலூர் வந்து சேருவதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். யூ போல்ட்டை முதல் லோடு இறக்கியதும் ஒருமுறை, ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் இன்னொரு முறை பாருங்கள். இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். ஆறடிக் குழாயைச் சொருகி இரண்டு பேர் ஏறி மிதிப்பது நல்ல இறுக்கம் என்று பலர் நம்புகிறார்கள். அதில் நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் இழுபட்டு உள்ளுக்குள் பலமிழந்துவிடும். பிறகு ஒருநாள் லோடோடு போகும்போது அறுந்துவிடும்.

முடுக்கியதும் நட்டிலிருந்து வாஷர் வழியாகத் தட்டு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கோடு நேராக இருந்தும், நட்டுக்கு அடியிலிருந்து செம்பழுப்பாக ஒரு கசிவு கீழே வழிந்திருந்தால், உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் துரு மாவாகி வருகிறது. அதைப் பார்த்தால் அடுத்த லோடு வரை காத்திருக்காதீர்கள்.

இது நானே பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்ப காலத்தில் எனக்கும் ஒரு டிரெய்லர் இருந்தது. நடு ஆக்சிலின் இடதுபக்க யூ போல்ட் தளர்ந்ததை இரண்டு மாதம் கவனிக்கவில்லை. பட்டைக் கட்டை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்தது. ஆக்சில் ஒரு விரல் கனம் பின்னால் நகர்ந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, டிரைவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டயரைத் தடவிப் பார்த்தபோது ரம்பம் மாதிரி கையைக் கீறியது. அந்த ஆக்சிலின் நாலு டயரும் போயிருந்தன.

கடற்கரை ஊரில் டிரெய்லர் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மைதானா?

உண்மை. காரணம் தெரிந்தால் தடுப்பதும் சுலபம். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு நீர்விட்டுக் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் இரவானால் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். கடல் காற்று கொண்டுவந்து சேஸியில் ஒட்டிய உப்பு, மழையே இல்லாத ராத்திரியிலும் ஈரமாகி இரும்பைத் தின்கிறது. பகலில் காய்ந்து, இரவில் மறுபடி நனைகிறது. உள்ளூர்க்காரனுக்குச் சேலத்துக்காரனைவிட அதிக வேலை இருப்பது இதனால்தான்.

வெயிலும் மழையும் நேராகப் படுகிற வெளிப்பக்கம் அவ்வளவாகக் கெடாது. மழையே அதைக் கழுவிவிடும். கெடுவது மழை எட்டாத இடங்கள்: மெயின் பீமின் உள்பக்கம், குறுக்குச் சட்டம் பீமோடு சேரும் மூலை, ஸ்பிரிங் பட்டையைச் சேஸியோடு தாங்கும் ஹேங்கரின் பின்பக்கம், ஏர் டேங்கை வாரால் கட்டியிருக்கும் இடம், பின்விளக்குப் பெட்டி. வாரத்துக்கு ஒருமுறை இந்த இடங்களில் நல்ல தண்ணீர் பட வேண்டும். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆயுத பூஜைக்கு வருடத்துக்கு ஒருநாள் அடியோடு கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்த ஒருநாள் அக்கறை மாதத்துக்கு நான்கு நாள் இருந்தால் போதும்.

மரக்காணம் உப்பள லோடு ஏற்றுகிறவர்கள் வாரம் வரை காத்திருக்கக் கூடாது. மூட்டையிலிருந்து கசியும் உப்புநீர் பிளாட்பாரப் பலகையின் இடுக்கு வழியே நேராகக் குறுக்குச் சட்டத்தில் சொட்டும். லோடு இறக்கிய அன்றே கழுவிவிடுங்கள். பலகைக்கு மேல் ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல் மூட்டையை அடுக்கினால் பாதிச் சேதம் குறையும்.

எந்தத் தண்ணீரில் கழுவினாலும் சரிதானே?

இல்லை. கரையோர ஊர்களில் பல போர்வெல்களில் இப்போது உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதை அழுத்தமாக அடித்துக் கழுவினால், காற்று எட்டாத இடுக்கிலும் நீங்களே உப்பைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். ஒரு மடக்கு வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். வேறு வழியில்லை என்றால், கழுவி முடித்ததும் கடைசியாக ஒரு டிரம் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். பேரிங் சீல், ஏர் வால்வு, ஒயர் ஜாயிண்ட் இவற்றின்மேல் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடிக்கக் கூடாது.

சேஸிக்கு வேஸ்ட் ஆயில் அடிக்கலாமா?

காலங்காலமாகச் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஓடித் தீர்ந்த எஞ்சின் ஆயிலில் அமிலமும் உலோகத்தூளும் கலந்திருக்கும். ரப்பர் புஷ், ஏர் ஹோஸ் எல்லாம் அதில் ஊறி உப்பிப்போகும். பிரேக் டிரம்முக்குள் ஒரு சொட்டு போனாலும் லைனர் பிடிக்காது. ஆயிலில் ஒட்டிக்கொள்கிற தூசி, உப்பையும் ஈரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடியில் என்ன விரிசல் இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. மழையில் வழிந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போவது தனிப் பாவம்.

அந்தக் கூலியை டச்சப்புக்குச் செலவழியுங்கள். பெயிண்ட் உதிர்ந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு, ஜிங்க் பிரைமர் ஒரு கோட், மேலே பெயிண்ட் இரண்டு கோட். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் இரண்டு மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். சங்கிலி உரசும் ஓரங்களும், கன்டெய்னரைப் பூட்டிப் பிடிக்கும் ட்விஸ்ட் லாக் சுற்றுப்புறமும் முதலில் உரியும். வேலையைக் காலை பதினொரு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். விடிகாலையில் இரும்பின்மேல் பனி ஈரம் இருக்கும்.

கொஞ்சம் கூட ஏற்றினால் என்ன? டிரெய்லர் தாங்கும் என்று விற்றவரே சொன்னார்.

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியது. மூன்று ஆக்சில் சேர்ந்து 24 டன்னாக இருந்தது 27 ஆனது. ஹார்ஸும் டிரெய்லரும் லோடும் சேர்த்து உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன். தாங்குவதற்காக வைத்திருந்த இடைவெளியில் ஒரு பங்கை அப்போதே எடுத்தாகிவிட்டது. அதற்கு மேலும் ஏற்றினால் நாம் தின்பது டிரெய்லரின் ஆயுளை.

வெல்டிங் ஜாயிண்ட் ஒரே நாளில் உடைவதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. அப்படி எத்தனை லட்சம் முறை வளையலாம் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. மேலே விழும் விசை 25 சதவீதம் கூடினால் அந்தக் கணக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். பத்து வருடம் வர வேண்டிய ஜாயிண்ட் ஐந்தாவது வருடத்திலேயே விரிசல் விடும். அன்றைக்கு ஓவர்லோடே இல்லாமல் இருந்திருக்கும். "இன்னைக்கு லோடு கம்மிதான் சார், எப்படி உடைஞ்சது?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதுதான் பதில். அபராதமும் சின்னதில்லை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிக எடையை இறக்கும் செலவும் நம்முடையது.

மொத்த எடை சரியாக இருந்தாலும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். சுருள் தகடோ மெஷினோ ஏற்றும்போது அடியில் நீளக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, பாரம் இரண்டு மெயின் பீமுக்கும் போகிற மாதிரி செய்யுங்கள்.

டயர் ஒரு ஓரமாகவே தேய்கிறது. டயர் கம்பெனி சரியில்லையா?

டயரை மாற்றும் முன் ஆக்சிலை அளந்து பாருங்கள். இதற்குக் கம்ப்யூட்டர் மெஷின் வேண்டியதில்லை. சமமான சிமெண்ட் தரை, ஒரு இரும்பு டேப், இரண்டு ஆள் போதும். டிரெய்லரை நேராக இழுத்து நிறுத்துங்கள். கடைசியாகப் பத்து மீட்டராவது திருப்பாமல் வந்திருக்க வேண்டும். டிரெய்லரின் முன்பக்க அடியில், ஹார்ஸில் மாட்டிக்கொள்ளும் முளையான கிங் பின்னின் நடுவிலிருந்து முதல் ஆக்சிலின் இடது முனைக்கு ஒரு அளவு, வலது முனைக்கு ஒரு அளவு எடுங்கள். டேப் தொய்யாமல் இரண்டு தடவையும் ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கலாம். அடுத்து முதல் ஆக்சிலிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டிலிருந்து மூன்றாவதுக்கும் இரண்டு பக்கமும் அளங்கள். இங்கே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

அளவு தப்பினால், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் டார்க் ராடின் புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் புஷ்ஷை மாற்றிவிட்டு அப்புறம் அலைன்மென்ட் செய்யுங்கள். ஆடுகிற புஷ்ஷை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட் வளைவு தாண்டினாலே கலைந்துவிடும்.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டுச் சொல்வது நம்ப முடியாத வழி. சூடாக இருக்கும்போது காற்று அதிகமாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிடாதீர்கள். ஜோடி டயரில் உள்டயர் காற்று இறங்கினால் வெளிடயர் இரண்டின் பாரத்தையும் சுமக்கும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது.

குறுகலான இடத்தில் திருப்பும்போது டயர் கிறீச்சிடுகிறது. பரவாயில்லையா?

மூன்று ஆக்சில் ஒரே புள்ளியைச் சுற்றித் திரும்ப முடியாது. நடு ஆக்சில் உருளும், முன்னும் பின்னும் உள்ள ஆக்சில்கள் பக்கவாட்டில் இழுபடும். அந்த இழுப்பு டயரோடு நிற்காமல் ஹேங்கர் வெல்டிங் வரை போகிறது. லோடோடு நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்புவதைத் தவிருங்கள். ஒரு சுற்று பெரிதாகப் போய் வர யார்டில் இடம் இருந்தால் அதையே செய்யுங்கள்.

கிங் பின், லேண்டிங் லெக் (கழற்றி நிறுத்தும்போது டிரெய்லரைத் தாங்கும் முன்கால்) இவற்றில் என்ன பார்க்க வேண்டும்?

புது கிங் பின்னின் கழுத்து விட்டம் 50.8 மில்லிமீட்டர். 49க்குக் கீழே வந்தால் மாற்றியாக வேண்டும். டிரெய்லரின் மேல் தட்டுக்கும், அது உட்காரும் ஹார்ஸின் பூட்டுத் தட்டான ஃபிஃப்த் வீலுக்கும் நடுவில் கிரீஸ் காயக் கூடாது. ஆனால் பழைய கிரீஸில் மணல் கலந்திருந்தால் அதை வழித்தெடுத்துவிட்டுப் புதியது பூசுங்கள். மணல் கலந்த கிரீஸ் உப்புக்காகிதம் மாதிரி அரைக்கும்.

கோத்துக்கொள்ளும்போது ஹார்ஸை வேகமாகப் பின்னால் விட்டு இடிக்காதீர்கள். மாட்டியதும் முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்த்து, பிறகு இறங்கிக் கண்ணால் லாக்கைப் பாருங்கள். கழற்றும்போது கடற்கரை மணலில் லெக் புதைந்து ஒருபக்கம் சாயும். நல்ல பலகை ஒன்றை டிரெய்லரிலேயே வைத்திருங்கள்.

பிரேக் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

தினமும் ஏர் டேங்கின் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் டேங்கில் தண்ணீராகச் சேரும். வெளிவரும் தண்ணீர் துரு நிறமாக இருந்தால் டேங்கின் உள்பக்கம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆயில் கலந்து கறுப்பாக வந்தால் ஹார்ஸின் கம்ப்ரஸரைக் காட்டுங்கள்.

பிரேக் மிதித்தால், காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் சேம்பரின் ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று மாதம் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். வழக்கமாகப் போடும் 30 எண் சேம்பரில் 50 மில்லிமீட்டரைத் தொட்டால் பிரேக் தளர்ந்திருக்கிறது. லைனர் தேய்வதற்கு ஏற்பப் பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர், தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையாக இருந்தால் அதைக் கையால் அடிக்கடி முடுக்காதீர்கள். அது வேலை செய்யவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ஒரு நல்ல டிரைவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ரெட்டிச்சாவடியில் டீக்கு நிறுத்தினால், டீ வாங்கும் முன் டிரெய்லரைச் சுற்றி நடப்பார். ஒவ்வொரு ஹப்புக்கும் கிட்டே புறங்கையைக் கொண்டுபோவார், தொட மாட்டார். ஆறு ஹப்பும் ஒரே சூட்டில் இருந்தால் டீ. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுகியிருக்கும் அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கும். ஒன்று மட்டும் ஆறிக்கிடந்தால் அந்தப் பக்கப் பிரேக் வேலையே செய்யவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாது.

விரிசல் தெரிந்தால் வழியில் எங்காவது வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?

வீடு வந்து சேர்வதற்காக வைத்தால் புரிந்துகொள்கிறேன். அதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். விரிசலின் மேல் ஒரு வரி ஓட்டினால் அடியில் விரிசல் அப்படியே இருக்கும். அதன் முனையைக் கண்டுபிடித்து, அரைத்து முழுக்க எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். பீமின் மேல், கீழ்ப் பட்டையில் கண்ட இடத்தில் கிளிப்பும் கொக்கியும் வெல்டிங் வைக்கக் கூடாது; அடுத்த விரிசல் அங்கேதான் தொடங்கும். வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதில் புள்ளிபுள்ளியாகக் கருகும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் பிரேக் இருந்தால் அதன் கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற டிரெய்லரை அப்படியே ஓட்டலாமா?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் தண்ணீர் புகுந்தது. அந்த டிசம்பரில் எங்களுக்கு வந்த டிரெய்லர்களில் ஹப்பைக் கழற்றினால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. வடிந்த உடனே ஓட்டிப்போனவர்களுக்குச் சில வாரத்தில் பேரிங் போனது.

ஹப் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் கழற்றி, பேரிங்கை டீசலில் கழுவி, புள்ளி விழுந்திருந்தால் மாற்றி, புது சீல், புது கிரீஸ் போடுங்கள். டிரம்மைத் திறந்து சேற்றை எடுங்கள். லைனருக்கும் ஷூவுக்கும் நடுவில் துரு புகுந்தால், அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். லைனரையே தூக்கி உடைத்துவிடும். ஒயர் ஜாயிண்ட் பெட்டிகளைத் திறந்து காயவையுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே டிரெய்லரை மேட்டுப் பகுதிக்கு மாற்ற இடம் பார்த்து வைப்பது இன்னும் நல்லது.

எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று) எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடாவருடம். எஃப்.சிக்கு முந்தின வாரம் மட்டும் பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் பராமரிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

நோட்டு ஒன்று போடுங்கள். ஹார்ஸுக்கு வேறு, டிரெய்லருக்கு வேறு. டிரெய்லர் நோட்டு டிரெய்லரோடுதான் போக வேண்டும். முன்பக்கம் ஒரு சின்ன இரும்புப் பெட்டி அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாம். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தோம், யார் செய்தது என்று நாலே நாலு கட்டம் போதும். டயரை எண்ணால் எழுதுங்கள்: முதல் ஆக்சில் இடது வெளிப்பக்கம் 1, உள்பக்கம் 2 என்று பன்னிரண்டு வரை. எங்களிடம் ஒருவர் கொண்டுவந்த நோட்டில் ஏழாம் எண்ணில் மட்டும் ஒரே வருடத்தில் மூன்று டயர் மாற்றியிருந்தது. அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தோம். ஹேங்கரின் உள்பக்கம் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்தது.